அமெரிக்கா: பெரிய ஆக்சிடென்ட் ரெக்கார்டில் இருக்கு. மறுபடி ட்ரக் ஓட்ட யாராவது எடுப்பாங்களா?

ரோட்டுப்பறவை:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இப்பத்தான் எழுதறேன்.

போன குளிர்காலம் வயோமிங்ல, ஐ-80ல லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவுல ஆக்சிடென்ட். எல்க் மவுன்டன் பக்கம் ஓட்டினவங்களுக்குத் தெரியும். மேல வானம் பளிச்சுனு இருக்கும், கீழ காத்து பனியைத் தரையோட வாரிக்கிட்டு ஓடும். ஒரு வளைவு தாண்டினதும் முன்னால வண்டிங்க குறுக்கும் நெடுக்குமா நிக்குது. பிரேக் போட்டதும் ட்ரெய்லர் பக்கவாட்டுல சுத்திக்கிட்டு வந்து ஒரு பிக்கப்பை அடிச்சுது. அதுல இருந்தவருக்குக் கால் எலும்பு முறிஞ்சுது. எனக்குப் பின்னால வந்த வண்டிங்களும் வரிசையா மோதினது தனிக்கதை. சூழ்நிலைக்கு மீறின வேகம்னு டிக்கெட். போதை டெஸ்ட், ஆல்கஹால் டெஸ்ட் ரெண்டும் கிளீன்.

ட்ரக் ஓட்டற லைசன்ஸ், அதான் சிடிஎல், கையில இருக்கு, சஸ்பெண்ட் ஆகல. கம்பெனிதான் அந்த வாரமே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க.

அப்ளை பண்ற எடத்துல எல்லாம் ரெக்ரூட்டர் முதல்ல நல்லாத்தான் பேசறார். ஓரியன்டேஷன் தேதி வரைக்கும் சொல்லிடறார். சேஃப்டி டிபார்ட்மென்ட்டுக்கு ஃபைல் போனதுக்கு அப்புறம் போனை எடுக்கறதே இல்லை. இது எத்தனை வருஷம் என் பின்னாலயே வரும்? ஃபார்ம்ல எழுதாம விட்டா என்ன ஆகும்? கூட ஓட்டின ஒருத்தர் "எழுதாத, அவங்களே கண்டுபிடிக்கட்டும்"னு சொல்றார். டிராஃபிக் ஸ்கூல் போய் டிக்கெட்டை மறைக்க முடியுமா?

பதினெட்டு_வீலர்:

முதல்ல, உயிரோட வந்தீங்களே அண்ணே, அது போதும். அந்த ரோட்டுல குளிர்காலத்துல எத்தனை வண்டி கவுந்து கிடக்கும்னு பாத்தவன் நான்.

ரெண்டாவது, அந்த நண்பர் பேச்சைக் கேக்காதீங்க. மத்ததை விவரம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. கோப்புக்காரி அக்கா எங்க?

கோப்புக்காரி:

வந்துட்டேன். நான் ஓட்டுற ஆள் இல்லை. ஒரு நடுத்தர ஃபிளீட்டில் சேஃப்டி டிபார்ட்மென்ட்டில் டிரைவர் ஃபைல் பார்க்கிறவள். அதனால மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து என்ன தெரியும்னு சொல்றேன்.

உங்க அப்ளிகேஷன் வந்ததும் எங்க முன்னால நாலு காகிதம் சேரும். ஒண்ணு எம்விஆர், உங்க மாநிலம் தர்ற லைசன்ஸ் ரெக்கார்டு. கடைசி 3 வருஷத்துக்கு அதை எடுக்கிறது எங்களுக்குச் சட்டப்படி கட்டாயம். ரெண்டாவது பிஎஸ்பி. இது ட்ரக் பாதுகாப்பைப் பார்க்கிற ஃபெடரல் ஏஜென்சி எஃப்எம்சிஎஸ்ஏ தர்றது, 5 வருஷ விபத்தும் 3 வருஷ ரோட்டோர இன்ஸ்பெக்‌ஷனும் இருக்கும். இதை எடுக்கணும்னு கட்டாயம் கிடையாது, ஆனா நாங்க எடுக்காம யாரையும் சேர்க்க மாட்டோம். மூணாவது ஹயர்ரைட் நடத்துற டேக் ரிப்போர்ட். பழைய கம்பெனிகள் உங்களைப் பத்தி அதில் என்ன பதிஞ்சு வெச்சிருக்காங்கன்னு வரும். நாலாவது, கடைசி 3 வருஷத்தில் நீங்க வேலை பார்த்த கம்பெனிகளுக்கு நாங்க நேரா அனுப்புற விசாரணை. அவங்க 30 நாளுக்குள்ள பதில் தந்தே ஆகணும்.

இந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டுத்தான் உங்க அப்ளிகேஷனைப் படிப்பேன். அதுல விபத்துப் பகுதி காலியா இருந்து பிஎஸ்பில ஒரு வரி இருந்தா, அந்த ஃபைல் அங்கயே முடிஞ்சுது. விபத்துக்காக நிராகரிச்சவங்களை வருஷம் கழிச்சுத் திரும்ப எடுத்திருக்கோம். பொய் எழுதினவங்களை எடுத்ததில்லை. கடைசி 3 வருஷத்து விபத்துகளைத் தேதியோட, யாருக்காவது அடியா, உயிர்ச்சேதமான்னு எழுதணும்னு சட்டமே சொல்லுது. அப்ளிகேஷன் அடியில "எல்லாம் உண்மை"னு கையெழுத்தும் போடறீங்க. சில கம்பெனி 5 வருஷம் கேட்கும், சில 10 கேட்கும். கேட்ட வருஷத்துக்குப் பதில் எழுதுங்க. கேக்காத வருஷத்தைப் பத்தி கதை வேண்டாம்.

முக்கியமான ஒண்ணு. பிஎஸ்பில யார் தப்புன்னு எழுதியிருக்காது. தேதி, மாநிலம், காயம் எத்தனை, சாவு எத்தனை, வண்டியை இழுத்துட்டுப் போனாங்களா, அவ்வளவுதான். பல வண்டி மோதின விபத்துல மொத்தக் காயத்தோட எண்ணிக்கையும் உங்க வரியிலயே உட்கார்ந்திருக்கும், நீங்க இடிச்சவர் ஒருத்தரா இருந்தாலும். உங்க பிஎஸ்பியை நீங்களே 10 டாலர் கட்டி எடுத்துப் பாருங்க. ரெக்ரூட்டருக்குப் போன் போடறதுக்கு முன்னால அதைச் செய்யுங்க.

ரோட்டுப்பறவை:

அக்கா, ரொம்ப நன்றி. இன்னிக்கே எடுத்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான். காயம் 4னு இருக்கு! எனக்குப் பின்னால மோதின கார்ல இருந்தவங்களும் சேந்து. இதைப் பாத்தா நானே என்னை வேலைக்கு எடுக்க மாட்டேன்.

வக்கீல்_இல்லை:

பேரைப் பார்த்துக்குங்க, நான் வக்கீல் இல்லை. ஆனா சொந்த அனுபவத்துல இந்தச் சட்டத்தை எல்லாம் படிக்க வேண்டி வந்தது.

டிக்கெட் விஷயம்: டிராஃபிக் ஸ்கூல், டைவர்ஷன் மாதிரி வழியில குற்றத்தை ரெக்கார்டுல ஏறாம மறைக்கிறது சிடிஎல் வெச்சிருக்கிறவங்களுக்குக் கிடையாது. மாநிலங்கள் அப்படிச் செய்யக்கூடாதுன்னு ஃபெடரல் விதியே தடுக்குது. சொந்தக் கார்ல வாங்கின டிக்கெட்டுக்கும் அதே கதி. ஆதாரத்துல ஓட்டை இருந்தா வக்கீல் வெச்சு கோர்ட்ல வாதாடுங்க, அது வேற.

ஒரு டிக்கெட்டால சிடிஎல் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். சீரியஸ்னு பட்டியல்ல இருக்கிற குற்றங்கள் 3 வருஷத்துக்குள்ள ரெண்டு சேர்ந்தா 60 நாள் ஓட்ட முடியாது, மூணு சேர்ந்தா 120 நாள். குடிச்சிட்டு ஓட்டினது, விபத்து நடந்த இடத்துல நிக்காம போனது, கவனக்குறைவா ஓட்டி உயிர்ச்சேதம் ஆனது இதெல்லாம்தான் முதல் தடவையே ஒரு வருஷம், ரெண்டாவது தடவை ஆயுசுக்கும். உங்களுக்கு அது எதுவும் இல்லை.

இப்ப டேக். அது சட்டப்படி கன்ஸ்யூமர் ரிப்போர்ட், கிரெடிட் ரிப்போர்ட் எந்தச் சட்டத்துல வருதோ அதே சட்டம். வருஷத்துக்கு ஒருதரம் இலவசமா வாங்கலாம். தப்பா இருந்தா டிஸ்பியூட் போட்டா பொதுவா 30 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். அப்பவும் தீரலைன்னா உங்க தரப்பைச் சுருக்கமா எழுதி அதுலயே சேர்க்கச் சொல்லலாம். உடனே எடுங்க. பிஎஸ்பியை விட இதுலதான் விஷம் இருக்கும்.

ஒத்த_வண்டி_ஓனர்:

நான் மூணு வண்டி வெச்சு ஓட்டறனுங்க, பேரைப் பாத்து ஒண்ணுன்னு நெனைக்காதீங்க, பேரு பழசு. ஒரு சின்ன ஓனரா ஒரு விஷயம் சொல்லிப்போடறேன். கோப்புக்காரி சொன்னது எல்லாஞ் செரி. ஆனா எங்களை மாதிரி ஆளுகளுக்கு முடிவு எங்க கையிலயே இல்லீங்க.

புதுசா யாரை வண்டில ஏத்தணும்னாலும் அவரு லைசன்ஸ் நம்பரை இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு அனுப்பணும். அங்க ஒருத்தர் எம்விஆரைப் பாத்துட்டு ஆகும், ஆகாதுன்னு ஒத்தை வார்த்தைல பதில் போடுவாரு. ஆகாதுன்னுட்டா நான் அந்த டிரைவரை என்ற சொந்த மச்சானா இருந்தாலும் ஏத்த முடியாது. ஏத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா பாலிசியே போயிரும். மாநிலம் விட்டு மாநிலம் சாதாரண சரக்கு ஓட்டறதுக்குச் சட்டம் கேக்கற லையபிளிட்டி இன்சூரன்ஸ் 750,000 டாலருங்க. புரோக்கருங்க 10 லட்சம் டாலர் இல்லாம லோடே தர்றதில்ல. ஆக்சிடென்ட் இருக்கற டிரைவரைத் தெரிஞ்சே ஏத்துனான்னு எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்ல கெளப்பினா ஜூரி கோடிக்கணக்குல போட்டுத் தாளிச்சிருவாங்க. அதுக்குத்தான் இன்சூரன்ஸ்காரனும் பயப்படறான்.

அதனால ரெக்ரூட்டர் ஆளு நல்லவரா கெட்டவரான்னு யோசிச்சு மண்டை காய வேண்டாம். "உங்க இன்சூரன்ஸ் இந்த மாதிரி ரெக்கார்டை ஏத்துக்குமா, எத்தனை மாசம் ஆகியிருக்கணும்?"னு மொத போன்லயே கேளுங்க. ரெண்டு நாள் மிச்சம்.

பெரிய கம்பெனிக சிலது செல்ஃப் இன்சூர்டு. அவங்களுக்கு வெளி ஆளைக் கேக்க வேண்டியதில்ல, அவங்க விதியே அவங்களுக்கு. ஆனா அந்த விதியும் லேசுல வளையாது.

பதினெட்டு_வீலர்:

அப்ப சொந்தமா சரக்கு ஓட்டற அனுமதி, அந்த எம்சி நம்பர், எடுத்து ஓட்டினா?

ஒத்த_வண்டி_ஓனர்:

தம்பி, எம்சி எடுக்க 300 டாலர் போதும். இன்சூரன்ஸ் கொட்டேஷனைப் பாத்துப்போட்டுத்தான் பேசணும். புது அதாரிட்டி, அதுலயும் டிரைவர் ரெக்கார்டுல அடிபட்ட கேஸ். எத்தனை பேரு கொட்டேஷனே தர மாட்டாங்கன்னு போய்ப் பாருங்க.

யாழ்_வண்டி:

வணக்கம். நான் ஒன்ராறியோவில இருந்து எல்லை தாண்டி ஓடுறனான். இஞ்சையும் கதை உதே தான் தம்பி. எங்கட பக்கம் அப்ஸ்ட்ராக்ட் எண்டு சாரதியின்ர லைசன்ஸ் ரெக்கார்டும், சிவிஓஆர் எண்டு வணிக வாகனம் ஓடின ரெக்கார்டும் கேப்பினம். கடைசியில இன்சூரன்ஸ்காரன் ஓம் எண்டால்தான் திறப்பு கையில வரும்.

எனக்கு ஒரு கேள்வி. அண்டைக்கு அந்த இடத்தில வேக எல்லை பலகை எவ்வளவு காட்டினது? எல்க் மவுன்டன் பக்கம் காலநிலைக்கு ஏற்ற மாதிரி மாறுற பலகையள் எல்லோ நிக்குது. நீங்கள் எவ்வளவில போனீங்கள்? இதை நான் குத்திக் கேக்கேல்லை. ஆனால் நேர்முகத்தில முதல் கேள்வி இதுதான் வரும்.

ரோட்டுப்பறவை:

பலகை 45 மைல் காட்டிச்சு அண்ணை. நான் 43ல போனேன்.

கோப்புக்காரி:

யாழ்_வண்டி அண்ணா கேட்டது சரியான கேள்வி. இங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. 43ல போனேன், எல்லைக்குள்ளதான் போனேன்னு சொல்லி நிறுத்தினா எங்களுக்கு அது போதாது.

யார் தப்புங்கிறது ஒரு கணக்கு. விபத்து தவிர்த்திருக்கக் கூடியதாங்கிறது வேற கணக்கு. எஃப்எம்சிஎஸ்ஏ வெச்சிருக்கிற அளவுகோல்படி, சாதாரண நிதானமும் முன்யோசனையும் உள்ள டிரைவர் இப்படி நடக்கலாம்னு ஊகிச்சு, தன் கையில இருக்கிற வழியால, வேற விபத்து உண்டாக்காம தப்பிச்சிருக்க முடியுமா? முடியும்னா அது தவிர்த்திருக்கக் கூடியதுதான். பார்வை எவ்வளவு தூரம் போகுதோ அதுக்குள்ள வண்டியை நிறுத்த முடியணும். பனி, பனிமூட்டம், வழுக்கல் வந்தா ரொம்ப ஜாக்கிரதையா வேகத்தைக் குறைக்கணும், ஆபத்து அதிகமானா ஓட்டறதையே நிறுத்தணும்னு விதி 392.14 சொல்லுது. பலகையில 45 போட்டிருந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. உங்க கம்பெனி "தவிர்த்திருக்கக் கூடியது"ன்னு பதிஞ்சிருந்தா ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொண்ணு, இன்ஜின் கம்ப்யூட்டர்ல பிரேக் போட்ட நொடி என்ன வேகம்னு இருக்கும். நீங்க சொல்ற எண்ணும் அதுவும் ஒத்துப் போகணும்.

ரோட்டுப்பறவை:

அக்கா, அப்ப டிஸ்பாட்சரோட மெசேஜையும் சொல்லிடறேன். ராலின்ஸ் தாண்டறதுக்கு முன்னாலயே காத்து மோசமா இருக்கு, ஓரங்கட்டப் போறேன்னு அனுப்பினேன். "மத்த டிரைவர் எல்லாரும் ஓட்டிட்டுத்தான் இருக்காங்க, ரிசீவர் காத்திட்டிருக்கார்"னு பதில். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. டேக் ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. அதுல தவிர்த்திருக்கக் கூடிய விபத்துன்னு இருக்கு, அதுகூடப் பரவாயில்ல. கீழ இன்னொரு வரி, வண்டியைக் கைவிட்டுட்டுப் போனான்னு! நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்திட்டிருந்தேன். வண்டியை ஹைவே பேட்ரோல் சொல்லி டோ பண்ணி எடுத்துட்டுப் போனாங்க.

வக்கீல்_இல்லை:

அந்த ரெண்டாவது வரியைச் சும்மா விடாதீங்க. விபத்தை விட அதுதான் உங்களைக் கொல்லும். வண்டியை நடுவழியில விட்டுட்டுப் போனவன்னு பதிவு இருந்தா மூணு வருஷம் ஆனாலும் யாரும் தொட மாட்டாங்க.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம், போலீஸ் ரிப்போர்ட், டோ ரசீது மூணையும் இணைச்சு ஹயர்ரைட்டுக்கு டிஸ்பியூட் போடுங்க. நீளமா புலம்பல் வேண்டாம். "இந்த வரி தப்பு, இந்த நேரத்தில் நான் இங்கே இருந்தேன், இதோ ஆதாரம்." முடிஞ்சுது.

புதுக் கம்பெனிக்கு அவங்க நேரா அனுப்புற பதில்லயும் இதே வரி இருக்கலாம், அது வேற பாதை. உங்களை நிராகரிச்ச கம்பெனிகிட்ட, பழைய கம்பெனி என்ன சொல்லுச்சுன்னு எழுத்துல கேளுங்க. நிராகரிச்சதைத் தெரிவிச்ச 30 நாளுக்குள்ள கேட்டா அவங்க தரணும். கிடைச்சதும் பழைய கம்பெனிக்குத் திருத்தச் சொல்லி எழுதுங்க. 15 நாளுக்குள்ள திருத்தணும், இல்ல ஒத்துக்க மாட்டேன்னு சொல்லணும். ஒத்துக்கலைன்னா உங்க மறுப்பை எழுதிக் கொடுங்க. அந்த மறுப்பும் உங்க கோப்போடயே சேர்ந்து போகும், யார் கேட்டாலும்.

மெசேஜ் விஷயம்: விதியை மீறி ஓட்டச் சொல்லி நெருக்கறது தனிக் குற்றம். எஃப்எம்சிஎஸ்ஏல புகார் பண்ண சம்பவத்துல இருந்து 90 நாள்தான் அவகாசம். பாதுகாப்பைப் பத்திப் புகார் பண்ணதுக்காகவோ ஓட்ட மறுத்ததுக்காகவோ பழிவாங்கினா, தொழிலாளர் பாதுகாப்பைப் பாக்கற ஃபெடரல் ஏஜென்சி ஓஷாவுல 180 நாளுக்குள்ள புகார். பொய்யா டேக்ல எழுதறதையும் பழிவாங்கலா எடுத்துக்க வாய்ப்பிருக்கு. ஆனா நீங்க மறுக்கலை, ஓட்டினீங்க. அதனால இதுக்கு மட்டும் ஒரு நிஜ வக்கீலைப் பாருங்க.

நிலாச்சோறு:

படிச்சிட்டே வர்றேன், ஒண்ணு சொல்லாம போக முடியல. எங்க அண்ணன் காரை ஒரு ட்ரக் பின்னால இருந்து அடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. இன்னும் கைத்தடியோடதான் நடக்கிறான். இத்தனை பதிவுல அந்த பிக்கப் ஆளைப் பத்தி ஒருத்தராவது கேட்டீங்களா? எல்லாரும் ரெக்கார்டு, இன்சூரன்ஸ், டிஸ்பியூட். ரெக்கார்டு இருக்கிறதே எங்களை மாதிரி குடும்பத்துக்காகத்தான்.

பதினெட்டு_வீலர்:

வேலை தேடற மனுஷன் வேலையைப் பத்தித்தானே கேப்பார்?

நிலாச்சோறு:

கேக்கட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. 43ன்னு சொன்னப்ப அவர் குரல்ல கேட்டது "நான் எல்லைக்குள்ளதான் போனேன்". எங்களுக்கு அதே வாக்கியத்தைத்தான் அந்த டிரைவரும் சொன்னார்.

ரோட்டுப்பறவை:

நிலாச்சோறு, நீங்க கேட்டது நியாயம். அவரைப் பாக்கணும்னு கேட்டேன். கம்பெனி இன்சூரன்ஸ் வக்கீல் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னுட்டார், கேஸ் நடக்குதாம். ஆபரேஷன் ஆகி இப்ப நடக்கிறார்னு அந்த வக்கீல் மூலமாத்தான் தெரியும். 43 கதையை இனிமே நானும் சொல்ல மாட்டேன். ராலின்ஸ்லயே ட்ரக் ஸ்டாப் இருந்துச்சு.

கோப்புக்காரி:

இப்ப எழுதினீங்களே, கடைசி வரி, அதைத்தான் நேர்முகத்துல சொல்லணும். நிலாச்சோறு கோபப்பட்டது சரின்னுதான் எனக்கும் தோணுது. சேஃப்டில உட்கார்ந்திருக்கிறவங்களும் அவங்க காதோடதான் கேட்போம்.

நான் கேட்க விரும்புற மாதிரி ஒண்ணு எழுதறேன், உங்க வார்த்தைக்கு மாத்திக்குங்க. "ஐ-80ல தரைப்பனியில ட்ரெய்லர் பக்கவாட்டுல சுத்தி ஜாக்நைஃப் ஆச்சு. ஒரு பிக்கப்பை இடிச்சேன், ஓட்டினவருக்குக் கால் முறிஞ்சுது. சூழ்நிலைக்கு மீறின வேகம்னு டிக்கெட். பார்வை போனப்பவே நான் நிறுத்தியிருக்கணும், அதுக்கு முந்தின ஊர்ல இடம் இருந்தது. பிஎஸ்பில 4 காயம்னு இருக்கும், என் வண்டி மோதினது ஒருத்தரை, போலீஸ் ரிப்போர்ட் இணைச்சிருக்கேன்." இவ்வளவுதான். அரை நிமிஷம். அப்புறம் வாயை மூடிக்கிட்டு அவங்க கேள்விக்குக் காத்திருங்க. டிஸ்பாட்சர் மெசேஜைப் பத்தி அவங்களா கேட்டா மட்டும் சொல்லுங்க. நீங்களே எடுத்து நீட்டினா பழைய கம்பெனி மேல பழி போடறவர்னு படும். அநியாயம்தான், ஆனா அப்படித்தான் படும்.

இதை ரெக்ரூட்டர்கிட்ட சொல்லி விட்டுடாதீங்க. அவருக்கு ஆள் சேர்த்தாத்தான் சம்பளம், எதுக்கும் சரி சரிம்பார். சேஃப்டில யாராவது ஒருத்தர்கிட்ட பேசணும்னு கேளுங்க.

மழைக்காலத்தவளை:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரி. ஆனா நான் சிக்னல்ல நின்னுட்டிருந்தேன், பின்னால ஒரு கார் வந்து ட்ரெய்லருக்கு அடியில சொருகிடுச்சு. என் மேல டிக்கெட் இல்லை. ஆனாலும் பிஎஸ்பில வந்துடுச்சே?

கோப்புக்காரி:

உங்களுக்கு வழி இருக்கு. எஃப்எம்சிஎஸ்ஏவோட டேட்டாக்யூஸ் தளத்துல, விபத்தைத் தவிர்த்திருக்க முடியுமான்னு பார்க்கிற கிராஷ் பிரிவென்டபிலிட்டி திட்டத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட்டோட போடுங்க. டிரைவரே போடலாம், கம்பெனியை எதிர்பார்க்க வேண்டாம். பின்னால இருந்து இடிச்சது, எதிர்த்திசையில வந்து மோதினது, ஒழுங்கா பார்க் பண்ணி இருந்தப்ப இடிச்சது, மிருகம் குறுக்க வந்தது இப்படிக் குறிப்பிட்ட வகைகளுக்குத்தான் பார்ப்பாங்க. 2024 டிசம்பர் 1க்கு அப்புறம் நடந்த விபத்துன்னா வகைகள் 21 ஆச்சு. அதுல ஒண்ணு, என்ன நடந்ததுன்னு வீடியோ காட்டுற எந்த விபத்தும். டேஷ்கேம் பதிவு வெச்சிருக்கீங்கன்னா பத்திரம். தவிர்க்க முடியாததுன்னு தீர்ப்பு வந்தா விபத்து அழியாது, பிஎஸ்பில பக்கத்துலயே குறிப்பு வரும். எங்களுக்கு அந்தக் குறிப்பு பெரிய விஷயம்.

ரோட்டுப்பறவைக்கு இது உதவாது. நின்ன வண்டியை இடிச்சிருக்கார்.

யாழ்_வண்டி:

இப்ப வேலைக்கு வருவம். நெடுந்தூர வேலை உடன கிடையாது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் சும்மா வீட்டில இருந்தீங்களெண்டால் இன்னொரு பிரச்சினை வரும். அண்மைக்கால அனுபவம் இல்லை எண்டு சொல்லி ரிஃப்ரெஷர் கோர்ஸ் எடுக்கச் சொல்லுவினம். அதால ஏதோ ஒண்டில சில்லு உருளவேணும்.

யாட்டுக்குள்ள ட்ரெய்லர் இழுக்கிற ஸ்பொட்டர் வேலை, கொங்கிரீட் மிக்ஸர், டம்ப் ட்ரக், குப்பை வண்டி. உள்ளூர்க் கம்பெனியள்ள முதலாளியோட முகம் பாத்துக் கதைக்கலாம், அது பெரிய வித்தியாசம். உங்கட பக்கம் வடக்கு டகோட்டாவிலயும் மினசோட்டாவிலயும் ஒக்டோபரில சீனிக் கிழங்கு அறுவடை வரும். சிவப்பு ஆத்துப் பள்ளத்தாக்கில கிழங்கை வயலில இருந்து குவியல் போடுற இடத்துக்கு இரவும் பகலுமா ஏத்துவினம். ஆக்கள் காணாமல் தேடுவினம். என்ர சிநேகிதன் ஒருத்தன் பிசகின ரெக்கார்டோட அங்கை போய் ஓடி, அந்தக் கமக்காரன்ர கடிதத்தை வைச்சு அடுத்த வேலை எடுத்தவன்.

ஒத்த_வண்டி_ஓனர்:

ஸ்பாட்டர் வேலை பத்தி ஒண்ணுங்க. பொது ரோட்டுல ஏறாத வேலையை இன்சூரன்ஸ்காரங்க பல பேரு ரோட்டு அனுபவமா கணக்குல எடுக்கறதில்ல. சோறு போடும், ரெக்கார்டை ஆத்தாது. முடிஞ்சா ரோட்டுல ஓடற மிக்ஸர், டம்ப் பக்கம் போங்க.

அப்புறம் "ஆக்சிடென்ட் இருந்தாலும் பரவால்ல, வாங்க"ன்னு வண்டியைத் தவணைல குடுத்து கடைசில சொந்தமாக்கறோம்னு சொல்ற லீஸ் பர்ச்சேஸ்காரங்க கூப்புடுவாங்க. வேற எடம் கெடைக்காதுன்னு தெரிஞ்சேதான் கூப்புடறாங்க. வாரா வாரம் வண்டித் தவணை போக மிச்சம் பாத்தா டீசல் காசு நிக்காது. வண்டி கடைசிவரை உங்க பேருக்கு வராது. 2025 ஜனவரில அரசாங்கமே போட்ட ட்ரக் லீசிங் குழு, இந்த மாதிரி திட்டத்தைத் தடை பண்ணச் சொல்லி அறிக்கை குடுத்திருக்குதுங்க. அவசரத்துல கையெழுத்துப் போட்றாதீங்க.

பதினெட்டு_வீலர்:

அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? மறுபடி பனியில ஓட்ட மனசு வருதா?

ரோட்டுப்பறவை:

உண்மையைச் சொன்னா தெரியல. மழை பேஞ்சாலே கார்ல கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்குது. அதனாலதான் லோக்கல் வேலையே இப்போதைக்கு நல்லதுன்னு வீட்டுல சொல்றாங்க.

கோப்புக்காரி:

வீட்டுல சொல்றதைக் கேளுங்க. டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. அதை நேர்முகத்துல மறைக்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம்.

கால அளவு கேட்டீங்களே, அதுக்கு யாரும் நேரா பதில் சொல்லல. ஒரு வருஷம் வரைக்கும் பெரும்பாலான கதவு மூடித்தான் இருக்கும். அந்த ஒரு வருஷமும் வேற டிக்கெட் இல்லாம ஓட்டினா சின்னக் கம்பெனிகள் பேச ஆரம்பிப்பாங்க. 3 வருஷத்துல அப்ளிகேஷன்ல சட்டப்படி எழுத வேண்டிய கட்டத்தைத் தாண்டிடும், பழைய கம்பெனி விசாரணைக்கும் அதுதான் எல்லை. 5 வருஷத்துல பிஎஸ்பியை விட்டுப் போயிடும். நடுவுல நடக்கிற ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனும் சுத்தமா முடிஞ்சா அதுவும் பிஎஸ்பில ஏறும். அதனால வண்டி எடுக்கிறதுக்கு முன்னால டயர், லைட், பிரேக் பார்க்கிறதை விடாதீங்க. விபத்து வரிக்குக் கீழ சுத்தமான இன்ஸ்பெக்‌ஷன் வரிசையா இருந்தா நான் கவனிப்பேன்.

ரோட்டுப்பறவை:

கொஞ்ச நாள் கழிச்சு வந்து எழுதறேன், யாராவது தேடிட்டு வந்தா உதவும்.

டிஸ்பியூட் ஜெயிச்சுது. வண்டியைக் கைவிட்டான்ங்கிற வரியை எடுத்துட்டாங்க. விபத்து வரி அப்படியே இருக்கு, இருக்கட்டும். வக்கீல் பாத்தேன். 90 நாள் முடிஞ்சுபோச்சு, 180 நாள் கேஸ்ல பலம் குறைவுன்னார், விட்டுட்டேன். ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனி ஒண்ணுல சேஃப்டி ஆளை நேரா பாத்து அக்கா எழுதித் தந்ததைச் சொன்னேன். பலகைல எவ்வளவு இருந்துச்சுன்னுதான் அவர் முதல்ல கேட்டார், யாழ்_வண்டி அண்ணை! 45, நான் 43, ஆனா நிறுத்தியிருக்கணும்னேன். அவர் ஏதோ குறிச்சுக்கிட்டார். இன்சூரன்ஸ் ஒத்துக்கிட்டா அடுத்த வாரம் மிக்ஸர்ல ரோட் டெஸ்ட்.

ஒத்த_வண்டி_ஓனர்:

மிக்ஸர்ல டிரம் சுத்தறப்ப வண்டி கனமெல்லாம் மேலதான் நிக்கும், அதுவும் ஒரு பக்கமாச் சாயும். வளைவுல ட்ரெய்லர் பழக்கத்துல திருப்பிப்போடாதீங்க. ரோட் டெஸ்ட்ல அதைத்தான் பாப்பாங்க.

மழைக்காலத்தவளை:

அக்கா, டேட்டாக்யூஸ்ல போலீஸ் ரிப்போர்ட் எந்த வடிவத்துல போடணும்? போன்ல எடுத்த படம் போதுமா?

கோப்புக்காரி:

போன் படம் மங்கலா இருந்தா அவங்களால படிக்க முடியாது. எல்லாப் பக்கமும் ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப்பா போடுங்க. வரைபடம் இருக்கிற பக்கத்தை மறக்காதீங்க, நிறைய பேர் அதை விட்டுட்டு அனுப்புறாங்க.